ராச்சோறு

சென்ற வருஷம் சின்னமனூரில் எட்டுப் பேர் கூடிய ஒரு கூட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் பழைய சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். கேப்பைக் களியும் கம்பஞ்சோறும் இந்த மண்ணின் இயல்பான உணவு. அரிசி, 1895இல் மலையைக் குடைந்து ஒரு வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்ணீரோடு மேலிருந்து இறங்கிய பண்டம். அன்றிலிருந்து நம் ராச்சாப்பாடு தன் சுயத்தை இழந்தது, என்கிற ரீதியில். நன்றாகவே பேசியதாகச் சொன்னார்கள். குச்சனூருக்குத் திரும்பி வந்து அப்பத்தாவிடம் அதையே சுருக்கிச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏய்யா, அந்தக் கேப்பைய யாரு திரிச்சா?”

அந்தப் பேச்சில் பாதி தவறு. மீதிப் பாதி சரி என்றாலும் அது சௌகரியமான சரி. இந்தக் கட்டுரையை அதற்கான திருத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் விருந்துக்குச் சரித்திரம் உண்டு. கோயில் கல்வெட்டுகள் திருவமுதுக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, தயிர் எவ்வளவு என்று நாழி உழக்குக் கணக்கில் சொல்கின்றன. காப்பிக்குக்கூட ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு சரித்திரம் எழுதிவிட்டார். வேலை முடிந்து வந்தவர்கள் இருட்டியபின் வீட்டுக்குள் உட்கார்ந்து தின்றதற்கு எதுவும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் பிரசித்தம். அவற்றில் பெரியதான ராஜசிம்மன் செப்பேடு, மதுரையில் சங்கம் இருந்ததையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் சொல்வதால் இலக்கியக்காரர்களுக்கு அதன் மேல் ஒரு பிரியம். அரசன் பிராமணர்களுக்கு ஊரைக் கொடுத்ததும், எல்லை எங்கே போகிறது என்பதும் அதில் இருக்கின்றன. கொடுக்கப்பட்ட ஊரில் உழுதவன் வீட்டில் அன்று ராத்திரி அடுப்பில் என்ன இருந்தது என்பது செப்பேட்டின் விஷயம் இல்லை.

கவிதை இந்த இடத்தில் செப்பேட்டைவிட நேர்மையானது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் பாணன் வீட்டு அடுக்களைக்குள் போகிறார். குட்டி போட்ட நாய் அங்கே படுத்திருக்கிறது. பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உட்கார்ந்து தின்கிறாள். கதவைச் சாத்துகிற அந்தக் காரியத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நமக்குச் சான்றுகள் கிடைக்காமல் போனதற்கு அந்தச் சாத்திய கதவு ஒரு காரணம். இன்னொன்று குறுந்தொகையின் 167ஆம் பாட்டு. புதுக்குடித்தனம் போன பெண் புளித்த தயிரைப் பிசைந்த கையை உடுத்திய சீலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று தின்கிறான். அவள் முகம் கொஞ்சமாய் மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து தாயிடம் சொல்பவள் செவிலி. பாடியவர் பெயர் கூடலூர் கிழார். கம்பத்துக்குத் தெற்கே எங்களுக்கும் ஒரு கூடலூர் உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதை வைத்து அவரை எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஆக்கிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை. அந்த அடுக்களையில் சீலையில் துடைத்த கையும் புகையும் இருக்கின்றன என்பதுதான் எனக்கு வேண்டியது. நம் காலத்துச் சமையல் எழுத்துகளில் இவ்விரண்டும் காணாமல் போய்விட்டன.

குச்சனூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சனீஸ்வரர் கோயில். சுரபி ஆற்றங்கரையில் சுயம்புவாக இருக்கிறார். ஆடிச் சனிக்கிழமைகளில் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. வருகிறவர்கள் எள் விளக்குப் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுப் போகிறார்கள். வாகனமான காக்கைக்கு இங்கே பங்கு முதலில். ஊரில் வீடுகளிலும் அப்படித்தான். விசேஷ நாளென்றால் மதியம் உலை இறக்கியதும் ஒரு கை கூரைமேல் போய்விடும். ஆனால் காக்கை இருட்டில் வருவதில்லை. அதனால் பகலில் ஆக்குகிறதற்குத் தெய்வ சாட்சி உண்டு, இரவில் ஆக்குகிறதற்குக் கிடையாது. பகல் சாப்பாட்டில் அரிசியைக் காட்டிவிட்டு இரவில் களியைத் தின்ன முடிந்தது இதனால்தான் என்று அப்பத்தா சொல்வாள். அவள் வேடிக்கையாகச் சொல்கிறாளா என்பது அவள் முகத்தைப் பார்த்தால் தெரியாது.

இனி அணைக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அரித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அதை எதிர்த்து, ஒன்றரைப் பவுண்டு தானியமும் கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சாமானியனுக்கு வேண்டிய சாப்பாடு எவ்வளவு என்று இந்த மாகாணத்தில் அதிகாரபூர்வமாக நடந்த விவாதம் அது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்கக் கல் உடைத்தவனின் காலை, மதியம், இரவு எல்லாம் அதற்குள்.

பெரியாற்றைத் திருப்பும் யோசனை அதற்கு வெகு முன்பே இருந்தது. பஞ்சம் அதை அவசரமாக்கியது. 1886 அக்டோபரில் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. 8000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய். 1887இல் தொடங்கிய வேலை 1895 அக்டோபரில் முடிந்து கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே விழுந்து, வைரவனாறு, சுருளியாறு, வைகை என்று இறங்கிற்று. மதுரை, மேலூர்ப் பக்கத்துக்குத்தான் முக்கியமாக நினைத்தது என்றாலும் போகிற வழியில் பள்ளத்தாக்கின் பழைய கால்வாய்கள் எல்லாம் வற்றாத கால்வாய்கள் ஆயின. லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை இருபோக நெல்லுக்கென்று இன்றும் அரசு கணக்குச் சொல்லும் 14,707 ஏக்கர் அப்படி வந்தது. பென்னிகுவிக் படம் மாட்டியிருக்கிற வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். அவர் பிறந்த நாளான ஜனவரி 15இல் பொங்கல் வைக்கிறார்கள். வைக்கிற பொங்கல் பச்சரிசிப் பொங்கல்.

இதுவரை கூட்டத்தில் நானும் சொன்னேன். அடுத்து நான் செய்த தவறு, தண்ணீர் வந்ததும் அரிசி வந்துவிட்டது என்று நினைத்தது. பாசன வரைபடத்தைப் பார்த்து அடுப்பை ஊகித்தேன்.

அப்பத்தாவுக்குத் தேவாரம் பக்கம். மலையடிவாரத்து மானாவாரிப் பூமி. கேப்பை, கம்பு, சோளம், மொச்சை, கொள்ளு. 1950களின் நடுவில் அவளைக் குச்சனூரில் கட்டிக்கொடுத்தபோது அவளுடைய அய்யா சொன்ன நியாயம், ஆத்துப் பாசனத்து ஊர், பிள்ளை நெல்லுச்சோறு திங்கும் என்பது. அணை கட்டி அறுபது வருஷம் ஆகியிருந்தது. வந்து பார்த்தால் இங்கேயும் ராத்திரிக்குக் கேப்பைக் களிதான். “நெல்லு வயல்ல கெடக்கும்யா. பானைக்கு வராது” என்றாள்.

காரணத்தை அவளே விளக்கினாள். நிலம் இன்னொருவருடையது. வாரம் அளந்தது போக, நடவுக்கும் அறுப்புக்கும் கூலியாக வந்த நெல் மரக்கால் கணக்கில் வீட்டுக்கு வரும். ஆனால் அந்த நெல்லைச் சமைப்பது முட்டாள்தனம். ஒரு மரக்கால் நெல்லைக் குத்தினால் கிடைக்கும் அரிசியை விட, அதே நெல்லைக் கொடுத்து மாற்றினால் கிடைக்கும் கேப்பை வயிற்றுக்கு அதிக நாள் வரும். களி தின்றவனுக்குச் சீக்கிரம் பசிக்கவும் பசிக்காது. ஆகவே நெல்லை அறுத்தவர்கள் அதைப் பணமாகவே வைத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும், பிரசவித்தவளுக்கும், காய்ச்சல்காரனுக்கும் மட்டும் அரிசி. இன்று காய்ச்சல் வந்தால் நாம் குடிக்கிற கஞ்சியும் பருப்புத் துவையலும் மிளகு ரசமும் அந்தக் காலத்தில் எளிமையான சாப்பாடு என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அது நோயாளியின் சலுகை. களி தின்று வளர்ந்த பிள்ளைகள் காய்ச்சலுக்கு ஏங்கினார்கள் என்று அவள் சொன்னதை நான் நம்புகிறேன்.

சொல்லிலும் இது பதிந்திருக்கிறது. அப்பத்தா இன்றைக்கும் ‘நெல்லுச்சோறு’ என்றுதான் சொல்வாள். அவள் வாயில் சோறு என்பது பொதுச்சொல்: சோளச்சோறு, கம்பஞ்சோறு, குதிரைவாலிச்சோறு, நெல்லுச்சோறு. என் அம்மா சோறு என்றால் அரிசிச்சோறு. மற்றவற்றுக்குத்தான் அடைமொழி வேண்டும். என் வீட்டில் சோறு என்ற சொல்லும் போய் சாதம் ஆகிவிட்டது. மூன்று தலைமுறையில் இடம் மாறிய இந்த அடைமொழியை எந்தப் புள்ளிவிவரத்தை விடவும் நல்ல சான்றாக நான் எடுத்துக்கொள்வேன். கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்கு அகராதியைப் போல ஒன்று எங்கள் பள்ளத்தாக்குக்கும் இருந்திருந்தால் வேலை இன்னும் சுலபம்.

இப்போது அவளுடைய கேள்விக்கு வருகிறேன். கேப்பையை யார் திரித்தது?

பொழுது சாயக் காட்டிலிருந்து வந்ததும் தொழுவத்து வேலை. பிறகு திரிகை. இரண்டு வட்டக் கல், மேல்கல்லில் ஒரு முளை. எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக் களிக்கு வேண்டிய மாவைத் திரிக்க ஒரு பெண் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் சுற்ற வேண்டும். கேப்பை பரவாயில்லை. கம்பும் சோளமும் என்றால் தண்ணீர் தெளித்து உரலில் இட்டு உமி போகக் குத்த வேண்டும். புடைத்து மறுபடி குத்த வேண்டும். மாவு ஆனபின் உலை. முதலில் கொஞ்சம் குருணையை வேகவிட்டு, மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் குழி விட்டு மூடி, வெந்தபின் பானையை இறக்கி அசையாமல் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி விழாமல் கிண்டுவதற்குத் தோளில் பலம் வேண்டும். ஈரக்கையால் உருண்டை பிடித்துக் கும்பாவில் போட்டால் ராச்சோறு. வெஞ்சனம் என்று கீரைக் கடைசலோ, மொச்சைக் குழம்போ, சந்தை நாளென்றால் கருவாடோ. மென்று தின்றால் களி வாய்க்குள் ஒட்டும். பிட்டுக் குழம்பில் முக்கி விழுங்க வேண்டும். எல்லோரும் தின்றபின் அவளுக்கு. மிஞ்சிய உருண்டை தண்ணீரில் கிடந்து காலைக்குக் கூழ் ஆகும். அப்பத்தாவால் இன்றைக்கு வலது கையை காதுக்கு மேல் தூக்க முடியாது. நான் மேடையில் மண்ணின் இயல்பான உணவு என்று சொன்னது இதைத்தான்.

பானைக்கு அரிசி எப்போது வந்தது? ஒரு நாளில் வரவில்லை. யுத்த காலத்தில் ரேஷன் வந்ததும், 1952இல் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கியதும் பட்டணத்துச் செய்திகளாகவே இங்கே கேட்டன. 1965இல் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒருவேளை, திங்கள் இரவு, சாப்பாட்டை விட்டுவிடும்படி தேசத்தைக் கேட்டுக்கொண்டார். ஓட்டல்கள் திங்கள் மாலைகளில் மூடின. சாஸ்திரி விரதம் என்று பெயர். ராச்சோறு என்கிற ஒன்று இருப்பதை தில்லி அங்கீகரித்தது, அதை விட்டுவிடச் சொல்லித்தான். இங்கே அதற்கு அர்த்தம் இருந்திருக்காது. விடச்சொன்னது அரிசியும் கோதுமையும். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்பது கோஷம். வென்றபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் வந்தது. ஒரு கட்சி அரிசியின் பெயரால் ஆட்சிக்கு வர முடிந்தது, அரிசி இன்னும் எல்லோருடைய பானைக்கும் வராத ஆசையாக இருந்ததால்தான். வயிறு நிறைய அரிசி தின்றுகொண்டிருந்த ஜனங்களிடம் அந்தக் கோஷம் எடுபட்டிருக்காது. நம்முடைய அரசியல் விமர்சகர்கள் மொழிப் போராட்டத்தைப் பேசிய அளவுக்கு இந்தப் படியைப் பேசவில்லை.

அதே சமயத்தில்தான் ஐ.ஆர். எட்டு. 1966இல் வெளிவந்த குட்டை ரகம். தடித்த அரிசி, ஆறினால் விறைக்கும், ருசி இல்லை என்று நிலமுள்ளவர்கள் முகம் சுளித்தார்கள். விளைச்சல் அதிகம், விலை குறைவு. ருசி இல்லாத அந்த அரிசிதான் எங்கள் வீட்டுப் பானைக்குள் தினமும் வந்த முதல் அரிசி. கூடவே நெல் அரவை மில். ஒரு மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோனால் அரைமணியில் அரிசியாகத் திரும்பியது. பிறகு ஊருக்கு ஊர் ரேஷன் கடை. அப்பத்தா கணக்குப்படி 1970க்குப் பிறகு ஏதோ ஒரு வருஷத்தில் ராத்திரிக் களி நின்றது. எந்த வருஷம் என்று அவளுக்கு நினைவில்லை, திரிகைக் கல்லைத் தூக்கித் தொழுவத்துச் சுவரோரம் போட்ட நாள் நினைவிருக்கிறது. மழை பெய்துகொண்டிருந்ததாம். 1895க்கும் அந்த மழைக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டு. பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கத்தைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் கொஞ்சம். வயலிலிருந்து அடுப்புவரை போக அதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அதன்பின் வந்தது சுருக்கமான கதை. ரேஷன் அரிசி 2006இல் 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம். அதே 2011இல் அரசு மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளைவு ஊகிக்கக்கூடியதுதான்: ரேஷன் புழுங்கலை உளுந்தோடு ஆட்டி ராத்திரிக்குத் தோசை. தீபாவளிக்கு மட்டும் சுட்ட பண்டம் தினசரி ஆயிற்று. சோறு, எங்கள் தெருவில் பல வீடுகளில், மதியத்தோடு சரி. நெல்லுச்சோறு ராத்திரிப் பானையை ஆண்டது நாற்பது வருஷம் இருக்கலாம். களியின் ஆட்சியோடு ஒப்பிட்டால் அது ஒரு இடைக்கால ஏற்பாடு.

நான் வேலை பார்க்கும் வங்கியில் விவசாய நகைக்கடன் படிவத்தில் பயிர் என்று ஒரு கட்டம் உண்டு. நெல், வாழை, திராட்சை, தென்னை என்று எழுதுகிறார்கள். கேப்பை என்று ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி எல்லாக் கடைகளிலும் தினையும் சாமையும் கண்ணாடித்தாள் பொட்டலங்களில் வந்தன. கூட்டத்தில் பேசிய உற்சாகத்தில் நானும் ஒரு கிலோ கேப்பை மாவும் அரைக் கிலோ தினையும் வாங்கிவந்தேன். அப்பத்தா விலையைக் கேட்டாள். குறைத்துத்தான் சொன்னேன். அதற்கே, “அரிசியவிடவா?” என்று மறுபடி கேட்டுவிட்டுச் சிரித்தாள். மனைவி அன்று ராத்திரி களி கிண்டினாள்; மாவு கடையிலிருந்து வந்தது, அடுப்பு கேஸ், கால் மணி நேர வேலை. நான் இரண்டு உருண்டை தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அப்பத்தா தொடவில்லை. ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டு, “எனக்கு இது போதும்யா” என்றாள்.

அவளுடைய மறுப்பைச் சுவை சம்பந்தப்பட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறுதானியத்தில் சத்து இருக்கிறது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிர் என்பதெல்லாம் உண்மை. அவளிடம் அதைச் சொன்னேன், தலையாட்டினாள். ஆனால் பழைய உணவின் மேன்மையை எழுதுகிற நாங்கள் எல்லோரும் திரிகையைத் தொடாதவர்கள். எங்கள் வரிகளில் களி எப்போதும் உருண்டையாகவே, கும்பாவுக்குள்ளேயே தொடங்குகிறது.

விடியற்காலை 4 மணிக்கு எங்கள் ரோட்டில் ஜீப்புகள் ஆரன் அடிக்கும். பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தூக்குவாளியில் அடைத்திருக்கும் மதியச் சோற்றை 3 மணிக்கு எழுந்து ஆக்கியவர்கள் அவர்கள். திரும்பி வர இருட்டிவிடும். பஸ் நிறுத்தத்துக் கடையில் மாவுப் பொட்டலம் அந்த நேரத்தில்தான் அதிகம் விற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் இரண்டு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை முந்தானையால் மறைத்தபடி, என்னிடம் ஏதோ சமாதானம் சொல்வதுபோல, இன்னைக்கு முடியல தம்பி, என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.